எத்தனை மி.மீ. இருக்கட்டும்... எத்தனை மீட்டர்?

சென்னையைச் சுற்றிக் கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரிகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சித்திரை மாதம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. வெடித்துக் கிடக்கும் ஏரித் தரையில் மூன்று பேர் குப்புறப் படுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். லென்ஸுக்கு இலை, சருகு அச்சடித்த உறை. எதிரே தரையில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக நான்கு முட்டைகள். தலைக்கு மேலே இரண்டு ஆட்காட்டிகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வட்டமடிக்கின்றன.

ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பதால்தான் அந்தப் பறவைக்கு ஆட்காட்டி என்று பெயர். இங்கே அது யாரிடம் காட்டிக்கொடுக்கும், பாவம்? வந்த ஆட்களே அதைக் கேட்டு ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். "நல்லா கத்துது, வாய் திறந்த மாதிரி ஒண்ணு எடுத்துடு" என்கிறார் ஒருவர்.

சாயங்காலம் படம் இணையத்தில் ஏறிவிடும். தலைப்பு "தாய்மை". கீழே விவரம்: 600 மி.மீ., எஃப் 6.3, 1/1600 நொடி. அருமை, அற்புதம், என்ன லென்ஸ் அண்ணா, எந்த ஏரி அண்ணா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாக் கேள்விக்கும் பதில் வரும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

எத்தனை மீட்டர் தள்ளி நின்று எடுத்தீர்கள்?

இந்தக் கேள்வியைத்தான் இனிமேல் முதலில் கேட்க வேண்டும். காட்டுயிர்ப் படங்களுக்குக் கீழே லென்ஸின் நீளத்தை எழுதுகிற வழக்கம் இருக்கிற மாதிரி, விலங்குக்கும் எடுத்தவருக்கும் நடுவே இருந்த தூரத்தையும் எழுதுகிற வழக்கம் வர வேண்டும். எழுத மறுக்கிறவரின் படத்துக்குப் பாராட்டும் கிடையாது, பரிசும் கிடையாது என்றாக வேண்டும்.

முதலில் லென்ஸுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். ஒரு காலத்தில் 600 மி.மீ. லென்ஸ் என்றால் கார் வாங்குகிற காசு வேண்டும். பத்திரிகைக்காரர்களும் பணக்காரர்களும் மட்டும் வைத்திருந்த சாமான் அது. 2013ன் இறுதியில் டாம்ரான் நிறுவனம் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸை அறிவித்தது. 2014ல் சிக்மாவும் அதே அளவில் இறக்கியது. 2015ல் நிக்கானின் 200-500, 2019ல் சோனியின் 200-600 என்று அடுத்தடுத்து வந்தன. கார் விலை என்பது மோட்டார் பைக் விலையாக இறங்கியது. எடையும் இரண்டு கிலோ சுற்றுவட்டாரத்தில்தான். ட்ரைபாட் இல்லாமல் கையில் பிடித்தே எடுக்கலாம். பள்ளிக்கூட வாத்தியாரும் வங்கி குமாஸ்தாவும் மாதத் தவணையில் வாங்கி, விடுமுறை நாளில் ஏரிக்கரைக்குப் போக முடிகிறது. இது நல்ல விஷயம். இதைக் கிண்டல் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பெரிய லென்ஸ் வைத்திருந்தவர்கள்!

அப்படியானால் பிரச்சினை எங்கே? தூரத்தில் நிற்பதற்காக வாங்கிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போகிறார்களே, அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு. முழு அளவு சென்சாரின் அகலம் 36 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. முப்பத்தாறை அறுநூறால் வகுத்தால், ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் 6 செ.மீ. அகலமுள்ள காட்சி படத்தில் விழும். அதாவது 10 மீட்டரில் 60 செ.மீ. 30 மீட்டரில் 1.8 மீட்டர். 50 மீட்டரில் 3 மீட்டர். அவ்வளவுதான் சூத்திரம், மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

ஆட்காட்டி அலகு முதல் வால் வரை சுமார் 33 செ.மீ. இருக்கும். படத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அது அடைத்துக்கொண்டு நின்றால், படத்துக்குள் விழுந்த மொத்த அகலம் சுமார் 50 செ.மீ. ஐம்பதை ஆறால் வகுத்தால் எட்டு மீட்டர் சொச்சம். ஒரு டவுன் பஸ்ஸின் நீளம்கூட இல்லை! சென்சார் சிறியதாக இருந்தால் (1.5 மடங்கு என்பார்களே, அது) பன்னிரண்டு மீட்டர் சொச்சம். வெட்டிச் சுருக்காத படம் என்றால் அந்தப் படமே எடுத்தவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடும். வெட்டியிருந்தால் நிஜமான தூரம் இதைவிட அதிகம் என்று அர்த்தம். தப்பு செய்யாதவர் மூலப் படத்தைக் காட்டிவிட்டுப் போகலாம். சில கேமராக்கள் ஃபோகஸ் செய்த தூரத்தையும் தோராயமாகக் கோப்புக்குள்ளேயே பதிந்துவைக்கின்றன. ஆக, தூரத்தைச் சொல்ல வழியில்லை என்கிற சாக்கு செல்லாது.

சரி, எட்டு மீட்டருக்குப் போனதால் என்ன லாபம்? இங்கேதான் வேடிக்கை. அதே பறவையை அதே லென்ஸால் 30 மீட்டரிலிருந்து எடுத்தால் என்ன ஆகும்? 180 செ.மீ. அகலத்தில் 33 செ.மீ. பறவை. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 பிக்சல் அகலம். அதில் பறவைக்கு மட்டும் சுமார் 1100 பிக்சல் கிடைக்கும். இந்தப் படங்களை முக்கால்வாசிப் பேர் பார்ப்பது எதில்? செல்போனில். செங்குத்தாகப் பிடித்த செல்போனின் அகலம் பல போன்களில் 1080 பிக்சல். முப்பது மீட்டரிலிருந்து எடுத்த படத்தை வெட்டிப் போட்டாலே பறவை போன் திரையை நிரப்பிவிடும். மிச்ச இருபத்திரண்டு மீட்டரை அந்த ஆள் ஊர்ந்து கடந்தது யாருக்காக?

அந்த இருபத்திரண்டு மீட்டரின் விலையைக் கொடுத்தது பறவை.

ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில் தரையில் ஒரு சின்னப் பள்ளம், ஓரத்தில் நாலு கல், அவ்வளவுதான். மரநிழல் கிடையாது. முட்டைக்கு நிழல் என்றால் அது தாயும் தகப்பனும் மாறி மாறி உட்காரும் உடம்பு மட்டுமே. கடும் வெயில் நாட்களில் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்கார்ந்து குளிர வைக்கும் பறவை அது. அதை எழுப்பி விரட்டிவிட்டு அரை மணி நேரம் எதிரே படுத்துக் கிடந்தால் அந்த அரை மணி நேரமும் முட்டை வெயிலில் வேகிறது. காக்கையும் கீரியும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பறவை கத்துகிற இடத்தில் என்னவோ இருக்கிறது என்று அவற்றுக்கும் தெரியும்.

படத்தில் இது எதுவும் தெரியாது. படத்தில் பின்னணி வெண்ணெய் மாதிரி குழைந்திருக்கும். பறவையின் கண்ணில் வெளிச்சப் புள்ளி மின்னும். "தாய்மை" என்று தலைப்பு இருக்கும். தாயை முட்டையிலிருந்து விரட்டிவிட்டு எடுத்த படத்துக்கு இதைவிடக் கொடுமையான தலைப்பு கிடைக்குமா?

இதைத் தொட்டாச்சிணுங்கித்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2, உட்பிரிவு 16. வேட்டை என்ற சொல்லுக்கு அங்கே பொருள் சொல்லியிருக்கிறார்கள். கொல்வதும் பொறி வைப்பதும் மட்டுமல்ல. காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அந்தப் பொருளுக்குள் அடக்கம். துப்பாக்கி வேண்டாம், ரத்தம் வேண்டாம். கூட்டைக் கலைத்தாலே சட்டத்தின் அகராதியில் அது வேட்டைதான்.

வேட்டை என்றதும் வேடந்தாங்கல் ஞாபகத்துக்கு வராமல் போகாது. ஊர்ப் பெயரிலேயே வேடன் இருக்கிறான். அந்த ஊர்க்காரர்கள் செய்த காரியம் உலகத்தில் வேறெங்கும் சுலபமாகப் பார்க்க முடியாதது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். 1858ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். சரணாலயம் என்ற அரசு முத்திரை வந்தது 1936ல்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். பறவை வந்தால் விளைச்சல். கணக்குத் தெரிந்த ஊர்.

அந்த ஏரியில் இன்னொரு விசேஷம். கரையில் மனிதர்கள். நடுவில் தண்ணீர். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடுகள். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் பாம்புத்தாராவும் குஞ்சு பொரிப்பதை ஆயிரக்கணக்கான பேர் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். யார் எவ்வளவு பெரிய லென்ஸ் வைத்திருந்தாலும் கரையைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அந்த இடத்தில்தான் நீண்ட ஜூம் லென்ஸ் தான் பிறந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. தூரத்தைத் தண்ணீர் காப்பாற்றுகிறது, படத்தை லென்ஸ் காப்பாற்றுகிறது.

வற்றிய ஏரியில் ஆட்காட்டிக்கு அந்தத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் படம் எடுக்கிறவரின் மனசாட்சிதான் இருக்க வேண்டும். அது பல பேரிடம் கோடை ஏரி மாதிரி வற்றிக் கிடக்கிறது.

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள் மூன்று.

முதல் பதில்: "படத்தைப் பார்த்துத்தானே மக்களுக்கு இயற்கை மேல் அக்கறை வருகிறது?" வரட்டும், சந்தோஷம். ஆனால் எட்டு மீட்டர் படத்தைப் பார்க்கிற ஒரு பையனுக்கு அக்கறை மட்டுமா வருகிறது? "நல்ல படம் என்றால் இவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்" என்ற அளவுகோலும் சேர்ந்தே வருகிறது. அடுத்த வாரம் அவன் அதே ஏரிக்கு வருவான். அவனிடம் 600 இல்லை, 300தான் இருக்கிறது. அதே படம் வேண்டும் என்றால் அவன் எத்தனை மீட்டருக்குப் போக வேண்டும்? எட்டில் பாதி, நாலு. அக்கறை இப்படித்தான் பரவுகிறது!

இரண்டாவது பதில்: "நான் ஒருத்தன் போனதால் என்ன ஆகிவிடும்?" வணிகவியல் படிக்கிற எந்த மாணவனும் இதற்கு விடை சொல்லிவிடுவான். ஒரு தொழிற்சாலை தன் கழிவை ஆற்றில் விட்டுவிட்டு லாபக் கணக்கு மட்டும் எழுதினால், நஷ்டம் இல்லை என்று அர்த்தமில்லை. நஷ்டம் வேறொருவர் பேரேட்டில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். படத்தின் வரவு முழுக்க எடுத்தவர் பக்கம். செலவு முழுக்கப் பறவையின் பக்கம். பறவைக்கு ஐந்தொகை எழுதிக் காட்டத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு "ஒருத்தன்" என்பதும் பொய். இடத்தின் பெயரைப் போட்ட மறுநாளே இன்னும் பத்து ஒருத்தன்கள் வந்து நிற்கிறார்கள்.

மூன்றாவது பதிலை வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மையான பதில்: "இவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்கேனே!" போட்ட காசு போட்டதுதான். அது திரும்பி வராத செலவு. அதை ஈடுகட்ட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு "சூப்பர் ஷாட்" தேடி அலைகிறவர், மூழ்கிய கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். தவணை கட்ட வேண்டியது அவர். அவருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது ஆட்காட்டி அல்லவே?

கொஞ்சம் நியாயமான மறுப்பு ஒன்றும் இருக்கிறது. தூரத்திலிருந்து எடுத்தால் படம் தெளிவாக வராது என்பார்கள். இது பாதி உண்மை. பத்து மணிக்கு மேல் சூடான தரையிலிருந்து எழும் காற்று அலை அலையாக நடுங்கும். அதன் வழியாக 600 மி.மீ. லென்ஸில் பார்த்தால் பறவை தண்ணீருக்குள் இருப்பது மாதிரி ஆடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் அந்தக் காற்றை வெல்ல முடியாது. ஆனால் இதற்கு மருந்து பக்கத்தில் போவதல்ல, சீக்கிரம் எழுந்திருப்பது! விடியற்காலையில் தரை குளிர்ந்திருக்கும், காற்று அசையாது. வெளிச்சம் குறைவு, எஃப் 6.3 லென்ஸில் ஐ.எஸ்.ஓ. ஏறும், கொஞ்சம் புள்ளி தட்டும். தட்டட்டும். புள்ளி விழுந்த படத்தால் எந்த முட்டையும் கெட்டுப்போவதில்லை.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள்: கரடி, ஓநாய் என்றால் குறைந்தது 100 கெஜம், மற்ற பெரும்பாலான விலங்குகளுக்கு 25 கெஜம். 100 கெஜம் என்பது சுமார் 91 மீட்டர். மேலே சொன்ன கணக்குப்படி அங்கிருந்து 600 மி.மீ. லென்ஸில் ஐந்தரை மீட்டர் அகலம் விழும். பக்கவாட்டில் நிற்கும் ஒரு கரடிக்குத் தாராளமான இடம். அது மனிதனுக்குக் கரடியிடமிருந்து பாதுகாப்பு, பறவைக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அதேதான் விஷயம். திருப்பிக் கடிக்கிற விலங்கு என்றால் தூரம் தானாகவே ஞாபகத்துக்கு வருகிறது. கத்த மட்டுமே தெரிந்த விலங்கு என்றால் மறந்துபோகிறது.

பறவை எத்தனை மீட்டரில் எழும் என்பது இடத்துக்கு இடம், ஜாதிக்கு ஜாதி மாறும். வயலில் உழவருக்குப் பின்னாலேயே நடக்கிற கொக்கு, தொப்பி போட்ட புதிய ஆளைக் கண்டால் பறந்துவிடும். அதனால் முப்பது மீட்டர் என்பது சட்டமல்ல, ஒரு கணக்குக்குத்தான். சட்டம் வேண்டுமென்றால் பறவையே சொல்லும். மேய்கிற பறவை தலையைத் தூக்கிப் பார்த்தால் அந்த இடம்தான் எல்லை. கத்தினால் எல்லை தாண்டியாயிற்று. பறந்தால் குற்றம் முடிந்தது. கூடு என்றால் கணக்கே கிடையாது. பார்த்த மாத்திரத்தில் வந்த வழியே திரும்ப வேண்டும்.

இன்னொரு விஷயம். இதன் பெயர் ஜூம் லென்ஸ். 200 முதல் 600 வரை என்று காசு கொடுத்து வாங்கிவிட்டு, வாழ்நாள் முழுக்க 600ஐ மட்டும் பயன்படுத்துகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பக்கமாகத் திருப்பினால் 200 என்று ஒன்று இருப்பதே பல பேருக்குத் தெரியாது போலிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பூநாரை எடுக்கிறவர்களைப் பார்த்தால் இது புரியும். 600ல் இழுத்தால் நீலத் தண்ணீரில் ரோஜா நிறப் பறவை; ஏதோ ஆப்பிரிக்கா மாதிரி இருக்கும். 200க்குத் திருப்பினால் பின்னால் அடுக்குமாடிக் கட்டடங்கள், மின்கம்பிகள். கொஞ்சம் நகர்ந்து நின்றால் பெருங்குடி குப்பைக்கிடங்கு. எது உண்மையான படம்? 2022ல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்ற ஒரு சதுப்பு நிலம் எவ்வளவு நெருக்கடியில் உயிரோடு இருக்கிறது என்பதை எந்தப் படம் சொல்லும்? நெருங்க வேண்டும், சட்டகத்தை நிரப்ப வேண்டும் என்கிற ஆசை பறவையை மட்டும் விரட்டவில்லை, பறவை வாழும் இடத்தையும் படத்திலிருந்து விரட்டுகிறது.

2017ல் சாங்சுவரி ஏசியா பத்திரிகையின் காட்டுயிர்ப் புகைப்படப் பரிசை வென்ற படத்தை நினைத்துப் பார்க்கலாம். மேற்கு வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் பிப்லப் ஹஸ்ரா எடுத்தது. தாய் யானையும் குட்டியும் சாலையைக் கடந்து ஓடுகின்றன, குட்டியின் உடம்பில் தீப்பற்றியிருக்கிறது, மனிதக் கூட்டம் தெறித்து ஓடுகிறது. அந்தப் படத்திலிருந்து கூட்டத்தை வெட்டிவிட்டு யானையின் கண்ணை மட்டும் நெருக்கமாகக் காட்டியிருந்தால் அது உலகம் முழுக்கப் பேசப்பட்டிருக்குமா? மனிதனும் விலங்கும் ஒரே படத்தில் இருந்ததால்தான் அது சுட்டது.

பழைய ஆட்களில் மா. கிருஷ்ணனைச் சொல்ல வேண்டும். அ. மாதவையாவின் மகன். தானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கேமராவை வைத்துக்கொண்டு கருப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். 1950 முதல் 1996ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார்; தமிழிலும் எழுதினார். அவர் பெயர் இன்றைக்கும் நிற்பது மி.மீ. கணக்கால் அல்ல. விலங்கு என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்து எழுதியதால். இன்றைக்குப் பலர் தாங்கள் எடுத்த பறவை அடுத்த நிமிடம் என்ன செய்தது என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். அந்த நிமிடம் அவர்கள் கேமராவின் பின்திரையில் குனிந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. யாரும் லென்ஸை விற்க வேண்டாம். போட்டி நடத்துகிறவர்கள் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் சேர்க்கட்டும்: தூரம், மீட்டரில். மூலக் கோப்பைத்தான் ஏற்கெனவே பல போட்டிகளில் கேட்கிறார்களே, அதிலிருந்து இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். கூட்டுப் படம் என்றால் எடுத்த எடுப்பில் நிராகரிக்கட்டும். படம் போடுகிறவர்கள் மி.மீ. எழுதுகிற அதே வரியில் மீட்டரையும் எழுதட்டும். பார்க்கிறவர்கள் "என்ன லென்ஸ்" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை மீட்டர்" என்று கேட்கட்டும். நான்கு பேர் கேட்க ஆரம்பித்தால் போதும், ஐந்தாவது ஆள் ஏரியில் ஊர்வதற்கு முன் ஒரு தடவை யோசிப்பார்.

வேடந்தாங்கல்காரர்கள் இருநூறு வருடத்துக்கு முன்னால் துப்பாக்கி வைத்திருந்தவனையே எல்லையில் நிற்க வைத்தார்கள். கேமரா வைத்திருக்கிறவரை முப்பது மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வதற்கு அவ்வளவு தைரியம் தேவையில்லை. அந்தச் சித்திரை வெயிலில், தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டு, ஆட்காட்டி அதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது.